வியட்நாம் போரை நம் ஊரில் தேடுங்கள்
திண்டுக்கல் வட்டாரத்தில் வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

காந்திகிராமத்திலும் திண்டுக்கல் நகரத்துக் கல்லூரிகளிலும் வரலாறும் அரசியலும் படிக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலரிடம் வியட்நாம் போரைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். ஹெலிகாப்டர், அடர்ந்த காடு, நேபாம் நெருப்பு, தலையில் துணி கட்டிய ராம்போ என்று பதில் வந்தது. எல்லாமே அமெரிக்கப் படங்களில் பார்த்தவை. அந்தப் படங்களில் ஓர் அமெரிக்க இளைஞன் போருக்குப் போகிறான், துன்பப்படுகிறான், உடைந்துபோய் வீடு திரும்புகிறான். வியட்நாமியர் மூங்கில் புதருக்குப் பின்னால் வெறும் நிழலாக நகர்கிறார்கள். நாட்டை இழந்தவனைவிட நாட்டைத் தாக்க வந்தவனின் மனவேதனைதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் போர் திண்டுக்கல்லுக்கும் வந்தது. குண்டாக வரவில்லை, கோதுமையாக வந்தது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் போரின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 மே 7-ல் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை ஹோ சி மின்னின் வியட் மின் படையிடம் சரணடைந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜெனிவாவில் உடன்பாடு ஏற்பட்டது. 17-வது அட்சக்கோட்டில் நாட்டைத் தற்காலிகமாகப் பிரிப்பது, 1956-ல் நாடு முழுவதும் தேர்தல் நடத்தி ஒன்றாக்குவது என்பது ஏற்பாடு. அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. தெற்கே ஆட்சிக்கு வந்த நோ டின் டியெம் மறுத்தார், அமெரிக்கா அவருக்குப் பின்னால் நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே போரிட்டுக்கொண்டிருந்த நாளில் தேர்தல் வைத்திருந்தால் மக்களில் 80 விழுக்காட்டினர் ஹோ சி மின்னுக்கே வாக்களித்திருக்கக்கூடும் என்று அதிபராக இருந்த ஐசன்ஹோவரே பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். மக்களாட்சியைக் காப்பாற்றப் போனதாகச் சொன்னவர்கள் முதலில் தடுத்தது ஒரு தேர்தலை. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி தானாகப் புரியும்.

பிறகு நடந்தவை உங்கள் பாடநூலில் இருக்கின்றன. கென்னடி காலத்தில் ஆலோசகர்கள் என்ற பெயரில் போனவர்கள் 1963 கடைசியில் சுமார் 16,000 பேர். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் தம் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக அமெரிக்கா சொன்னது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அந்தத் தாக்குதல்களைக் காட்டி அதிபர் ஜான்சன் கேட்ட அதிகாரத்தைக் கீழவை 416-க்கு 0 என்றும், மேலவை 88-க்கு 2 என்றும் வாரி வழங்கின. 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் தரைப்படை இறங்கியது. 1969-ல் அங்கே இருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. பீகாரில் பஞ்சம். 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இந்தியாவுக்குக் கப்பலில் வந்தது. பெரும்பங்கு அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்கீழ் வந்த கோதுமை. உங்கள் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சிவப்புக் கோதுமை என்பார்கள். சோறும், கம்பங்கூழும், சோளக்களியும் தெரிந்த வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அந்தக் கோதுமையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. உரலில் இடித்துக் கஞ்சி காய்ச்சினார்கள். சப்பாத்தி அப்போது நம் வீடுகளுக்கு வந்திராத பண்டம்.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்கு கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் வழியாக மக்காச்சோள மாவும், பால் பவுடரும், எண்ணெயும் வந்தன. மஞ்சள் நிறத்தில் அந்த உப்புமா. அதன் வாசனை, கிண்டும்போதே தெரு முனை வரை வரும். நான் தட்டேந்தி நின்று வாங்கித் தின்றவன். அந்த எண்ணெய் டின்னில் ஒரு கேடயமும், அதில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகளும் அச்சிட்டிருக்கும். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணெய் தீர்ந்தபின் டின்னை வெட்டித் தகடாக்கிக் கூரைக்கு ஒட்டுப் போடுவார்கள். மழை பெய்தால் அந்தக் கைகளின்மேல் தண்ணீர் வழியும். பசித்த பிள்ளைக்குச் சோறிட்டதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அதைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள், அந்த நன்றி இன்றும் உண்டு. ஆனால் அதே கைகள் அச்சிட்ட மூட்டைகளும் டின்களும் அதே ஆண்டுகளில் தென் வியட்நாமிலும் இறங்கின. அங்கே அந்தத் தானியத்தை விற்று வந்த உள்நாட்டுப் பணம் சைகோன் அரசின் படைச் செலவுக்குப் போனது. சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நன்றி சொல்வது பாதி நன்றி.

நமக்கு வந்த கோதுமைக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போடுவதை ஜான்சன் நிறுத்தினார். மாதா மாதம், கப்பலுக்குக் கப்பல் தாமே அனுமதி கொடுத்தார். வாஷிங்டன் வட்டாரத்திலேயே இந்தக் கொள்கைக்குக் குட்டைக் கயிறு என்று பெயர். காரணங்கள் பல. வேளாண்மையில் இந்தியா முதலீடு செய்யவேண்டும் என்பது ஒன்று. 1965 இந்திய-பாகிஸ்தான் போர் இன்னொன்று. மூன்றாவது வியட்நாம். 1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போய் ஜான்சனைச் சந்தித்துவிட்டு வந்தார். அந்த ஜூலையில் வட வியட்நாம் மீது குண்டு போடுவதை நிறுத்தவேண்டும், ஜெனிவா மாநாட்டை மறுபடி கூட்டவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். மாஸ்கோவுக்குப் போய் அங்கே விட்ட கூட்டறிக்கையும் அமெரிக்காவுக்குக் கசந்தது. ஜான்சன் கயிற்றை இன்னும் சுருக்கினார். கப்பல்கள் தாமதமாயின. துறைமுகத்துக்கு வந்த தானியம் அன்றன்றே ரேஷன் கடைக்குப் போகிற நிலையில் இருந்த நாட்டில் ஒரு வாரத் தாமதம் என்றால் என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு திருத்தப்பட்ட அந்த உணவுச் சட்டம், வட வியட்நாமோடு வணிகம் செய்யும் நாட்டுக்குத் தானியம் கிடையாது என்றும் எழுதிவைத்தது.

அப்போது மத்திய உணவு அமைச்சர் யார் தெரியுமா? நம் கொங்கு மண்ணின் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனோடு உட்கார்ந்து உடன்பாடு செய்தவர் அவர். மெக்சிகோவிலிருந்து குட்டைரகக் கோதுமை விதை 18,000 டன் இறக்கியவரும் அவரே. இனி எவனிடமும் கையேந்தக் கூடாது என்ற வைராக்கியம் அந்த விதை மூட்டைகளுக்குள் இருந்தது. பசுமைப் புரட்சியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் வியட்நாம் மீது குண்டு போடாதே என்று சொன்னால் சோற்றில் கை வைப்பார்கள் என்ற நிலைமையை விட்டுவிட்டு அதன் வரலாற்றை எழுதமுடியாது. 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடு காங்கிரஸைத் தமிழ்நாட்டில் கவிழ்த்தது. சுப்பிரமணியமும் தோற்றார். ஆட்சிக்கு வந்த அண்ணா சொன்ன ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னைக்கும் கோவைக்கும் கிடைத்தது. நமக்கு அதுவும் இல்லை. அந்தத் தேர்தலை இந்தி எதிர்ப்பின் கதையாக மட்டும் படிக்கிறோம். அதில் மீகாங் ஆற்றின் தண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

அந்த ஆண்டுகளில் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் சௌந்திரம் அம்மா. 1962-ல் இங்கிருந்து போய் மத்தியக் கல்வித் துணையமைச்சர் ஆனவர். அவரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியதுதான் நீங்கள் சிலர் படிக்கிற காந்திகிராமம். ராமச்சந்திரன் காந்தி நினைவு நிதியின் செயலராகவும் இருந்தார். மார்ட்டின் லூதர் கிங்கை இந்தியாவுக்கு அழைத்த கடிதத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். 1959 பிப்ரவரியில் கிங் வந்தார், ஒரு மாதம் இருந்தார், தெற்கேயும் பயணம் செய்தார். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகலாம், இந்தியாவுக்கு யாத்திரிகனாகத்தான் வருகிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது உலகத்துக்குத் தெரியும்.

எட்டாண்டு கழித்து, 1967 ஏப்ரல் 4-ல், நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் கிங் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். அதே ஆண்டு ஜனவரியில்தான் வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹானை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்திருந்தார். உலகிலேயே மிகப் பெரிய வன்முறையாளர் தம் சொந்த அரசாங்கம்தான் என்று அந்த மேடையில் சொன்னார். ஏழை வீட்டுக் கறுப்புப் பிள்ளைகளை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பி, உள்ளூரில் அவர்களுக்கே கிடைக்காத சுதந்திரத்தை அங்கே காக்கச் சொல்கிறார்கள் என்றார். பெரிய பத்திரிகைகள் அவரைத் தாக்கின. குடிமை உரிமைப் போராட்டத்தில் கூட நின்ற நண்பர்களே, இது உமக்கு எதற்கு என்று விலகினார்கள். வெள்ளை மாளிகையின் கதவு சாத்தப்பட்டது. சரியாக ஓராண்டில், 1968 ஏப்ரல் 4-ல், மெம்பிஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கிங் கம்யூனிஸ்ட் அல்லர். கம்யூனிசத்தை எதிர்த்து எழுதியவர். ஆனால் கம்யூனிசத்தை எதிர்ப்பதற்கு அடுத்தவன் வீட்டைக் கொளுத்துவது வழியாகாது என்று அவரால் சொல்லமுடிந்தது. காந்தியின் நாட்டுக்கு அவரை அழைத்த கடிதத்தில் நம் மண்ணில் உழைத்த ஒருவரின் கையெழுத்து இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. உங்களுக்கும் இருக்கட்டும். நம் வட்டாரத்தில் காந்தி வழியில் உழைத்த இன்னோர் அமெரிக்கரையும் தேடிப் படியுங்கள். ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான். மதுரை மிஷனுக்கு வந்த பாதிரியார். காந்தியோடு நின்றதற்காக வெள்ளை அரசு இரண்டு முறை நாடு கடத்தியது. விடுதலைக்குப் பின் திரும்பி வந்து இந்த மண்ணிலேயே கிராமப் பணி செய்தார். அமெரிக்கா என்றால் ஜான்சனும் நிக்சனும் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள்.

காந்திகிராமத்திலிருந்து சில மைல் தள்ளி, நகரத்துக்குள், இன்னொரு மரபு இருந்தது. பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகள். சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று தோலை மிதித்த தொழிலாளிகளை வைத்துக் கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டினார்கள். அந்தச் சங்க இயக்கத்தில் வளர்ந்த ஏ. பாலசுப்பிரமணியம்தான் 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியை வென்றார். காலில் புண்ணோடு வேலை செய்த அந்தத் தொழிலாளிக்கு வியட்நாம் எங்கோ இருக்கும் நாடு என்று தோன்றவில்லை. வரப்பில் நிற்கும் விவசாயி வானத்தில் பறக்கும் பி-52 விமானத்தை எதிர்த்து நிற்கமுடிகிறது என்றால், நானும் முதலாளியை எதிர்த்து நிற்கலாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டுத் தோழர்கள் பிள்ளைகளுக்கு ஹோசிமின் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் தெருவிலேயே ஒரு ஹோசிமின் இருப்பார், விசாரியுங்கள். கல்கத்தாவிலோ உன் பெயர் என் பெயர் வியட்நாம் என்று ஊரே முழங்கியது. அமெரிக்கத் துணைத்தூதரகம் இருக்கும் ஹாரிங்டன் தெருவுக்கே ஹோ சி மின் சரணி என்று பெயர் மாற்றினார்கள். நம் பக்கத்தில் 1970-ல் சிவாஜி நடித்த படத்துக்கு ‘வியட்நாம் வீடு’ என்று பெயர் வைத்தால் எந்த விளக்கமும் இல்லாமல் மக்களுக்குப் புரிந்தது. ஓயாத சண்டை நடக்கிற வீடு என்று டிக்கெட் கிழிப்பவர் முதல் எல்லோருக்கும் தெரியும்.

காந்தியர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே சமவெளியில் இருந்துகொண்டு, ஒருவர் கூட்டத்துக்கு ஒருவர் போகாமல், ஒரே போரை எதிர்த்தார்கள். காரணம் வேறு வேறு. ஒருவருக்கு வன்முறை பாவம், இன்னொருவருக்கு ஏகாதிபத்தியம் எதிரி. இவ்விரண்டு மரபையும் சேர்த்து வைத்துப் பார்த்து யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதை எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான்.

தமிழர்கள் அந்த மண்ணிலேயே இருந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். நமக்குக் கிழக்கே இருக்கும் செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சைகோனில் வட்டிக்கடை வைத்தார்கள். தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியர் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் அந்நகரின் நடுவே நிற்கிறது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போனார்கள், வியட்நாமியப் பெண்களை மணந்து ஊர் திரும்பினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் யாருடைய காலனிக்காகப் போரிட்டோம் என்பதைப் பேசாமலே கண்மூடினார்கள்.

இந்திய அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜெனிவா உடன்பாட்டைக் கண்காணித்த ஆணையத்துக்கு இந்தியாதான் தலைமை, கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். 1962 ஜூனில் வந்த அதன் சிறப்பறிக்கையைத் தேடிப் படியுங்கள். தெற்குக்கு வடக்கு ஆயுதமும் ஆட்களும் அனுப்பியதையும், தெற்கு அமெரிக்காவோடு ராணுவக் கூட்டு வைத்துக்கொண்டதையும் அது ஒருசேரக் குற்றம் சாட்டியது.

அந்த அறிக்கையின் நேர்மையை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 காலையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கொன்ற 504 பேரில் கைக்குழந்தைகளும் இருந்தன. அதைச் சொல்லுங்கள். அந்தக் கொலைக்களத்தில் ஹெலிகாப்டரை இறக்கி, தம் சொந்தப் படைக்கே துப்பாக்கியைக் காட்டி, எஞ்சியவர்களில் சிலரைக் காப்பாற்றிய ஹியூ தாம்சன் என்ற அமெரிக்க விமானியையும் சொல்லுங்கள். அதே ஆண்டு ஹுவே நகரைப் பிடித்த சில வாரங்களில் கம்யூனிஸ்டுகள் பொதுமக்களைக் கொன்று கூட்டாகப் புதைத்ததையும் சொல்லுங்கள். வடக்கில் நிலச் சீர்திருத்தத்தின் பேரில் நடந்த கொலைகள், 1975-க்குப் பின் முகாம்களில் அடைபட்டவர்கள், ஓட்டைப் படகில் கடலேறி மூழ்கியவர்கள், இவர்களையும் விட்டுவிடாதீர்கள். நம் இடதுசாரி மேடைகளில் இவை ஒலித்ததில்லை, ஒலித்திருக்க வேண்டும்.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று தராசைச் சமமாகப் பிடிக்கவும் என்னால் முடியாது. 1961 முதல் 1971 வரை ஏழு கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லியை ஓர் ஏழை நாட்டின் காட்டிலும் வயலிலும் வானத்திலிருந்து கொட்டினார்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளான உங்களுக்கு, விளைந்து நிற்கும் வயலில் விஷம் இறங்குவது என்றால் என்னவென்று நான் விளக்கவேண்டியதில்லை. அந்த விஷத்தின் பேரப்பிள்ளைகள் இன்றும் முடங்கிய கைகால்களோடு பிறக்கிறார்கள் என்று வியட்நாம் சொல்கிறது. அமெரிக்கத் தரப்பில் இறந்தோர் 58,000-க்கும் மேல். ஒவ்வொரு பெயரும் வாஷிங்டனில் கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வியட்நாமில் பொதுமக்கள் மட்டும் 20 லட்சம் பேர் என்பது 1995-ல் அந்நாட்டு அரசு சொன்ன கணக்கு. அத்தனை பேருக்கும் பெயர் வெட்ட எந்த ஊரிலும் கல் இல்லை. தேர்தலைத் தடுத்து, பொய் சொல்லி, அடுத்தவன் நாட்டுக்குள் நுழைந்து நடத்திய போர் அது. குற்றத்தின் பெரும்பங்கு அமெரிக்க அரசுடையது. இது என் தீர்ப்பு, ஆதாரத்தோடு மறுத்தால் கேட்பேன்.

இனி நான் உங்களிடம் கேட்பது. 1967-ல் இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள், சின்னாளபட்டியில் தறி ஓட்டியவர்கள், ரேஷன் கடையில் எடை போட்டவர்கள், காந்திகிராமத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் செல்போனில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. இந்த விடுமுறையில் போய் உட்காருங்கள். அரசியல் கேள்வியில் தொடங்காதீர்கள், பயந்து போவார்கள். சிவப்புக் கோதுமையை எப்படிச் சமைத்தீர்கள் என்று கேளுங்கள். வியட்நாம் என்ற பெயரை முதலில் எங்கே கேட்டீர்கள், யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். வீட்டில் பழைய ரேஷன் அட்டை, சங்கத்து ரசீது, துண்டறிக்கை, கைகள் அச்சிட்ட தகரத் துண்டு எது இருந்தாலும் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பெயர், ஊர், தேதி எழுதுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

ஆசிரியர்களே, இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதுகலை ஆய்வேட்டுக்கு மாணவர் தலைப்புத் தேடி வரும்போது இதையும் ஒரு தலைப்பாகக் கொடுங்கள். தொகுத்ததில் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும், ஒரு படியைத் திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மஞ்சள் உப்புமா தின்று வளர்ந்த உங்கள் ஊர்க்காரன்